ஏழும் எட்டும் மாறின படம்

என்ன வேலைன்னு கேக்கறீங்க. சொல்லலாம்ங்க, ஆனா நான் சொல்ல ஆரம்பிச்சா கேக்கறவங்க பாதியிலயே செல்போனை எடுத்துருவாங்க. எங்க வீட்லயே அப்படித்தான். அக்கம்பக்கத்துல யாராச்சும் கேட்டா என் சம்சாரம் ‘கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறாரு’ன்னு சொல்லி முடிச்சுக்கும். இருபத்திரண்டு வருஷமா நான் டைப் அடிச்சுட்டு இருக்கனாம்.

நீங்க இந்த பஸ்ல பழனி வரைக்கும் போறீங்க. நான் அதுக்கு முன்னாலயே இறங்கிருவேன். ஒரு மணி நேரம் இருக்கு. கேக்கறதா இருந்தாச் சொல்றேன்.

என் பேரு தெய்வசிகாமணி. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி, பேரு வேண்டாம். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு டயாலிசிஸ் பண்றாங்கல்லங்க, அந்த மெஷினுக்கு ரொம்பச் சுத்தமான தண்ணி வேணும். நாம குடிக்கற சுத்தமெல்லாம் அதுக்குப் பத்தாது. ஏன்னா அந்தத் தண்ணிக்கும் நோயாளியோட ரத்தத்துக்கும் நடுவுல இருக்கறது ஒரு மெல்லிசான ஜவ்வு, அவ்வளவுதான். அந்தத் தண்ணியைத் தயார் பண்ற பிளான்ட்டை எங்க கம்பெனி செய்யுது. அதை எப்படி ஓட்டணும், எப்படிக் கழுவணும், எந்த வால்வை எப்பத் திறக்கணும்னு புத்தகம் எழுதறவன் நான். மேனுவல். புரியுதுங்களா? டைப் அடிக்கறது இல்ல. எழுதறது.

மேனுவலுக்கு எழுத்து மட்டும் பத்தாது, படம் வேணும். தண்ணி எங்கிருந்து எங்க போகுதுன்னு கட்டம் கட்டமாப் போட்டு அம்பு காட்டணும். முன்னாடியெல்லாம் வெளிய ஒருத்தர்கிட்ட கொடுத்து வரைஞ்சு வாங்குவோம். ஒரு வால்வு நம்பர் மாறினாப் போதும், பதினோரு நாள். வந்த படத்தை ஃபைல்ல ஒட்டணும். ஒட்டினா எழுத்து ஒரு பக்கம் ஓடும், படம் ஒரு பக்கம் ஓடும். ஒரே படம் பதினெட்டு மேனுவல்ல இருக்கும், பதினெட்டுலயும் மாத்தணும், ஒண்ணுல கட்டாயம் விட்டுப்போகும். விட்டது யாருன்னா நான். மாத்தச் சொல்லாதது யாருன்னு கேட்டா ஆளே இருக்காது. என் வயித்தெரிச்சலைக் கேக்காதீங்க.

அப்பத்தான் இந்தப் புது முறையைப் பத்திப் படிச்சேன். எழுதறது எல்லாமே வெறும் எழுத்து. அலங்காரமே கிடையாது. தலைப்புன்னா முன்னால ஒரு குறி, பட்டியல்னா ஒரு குறி. படம் வேணும்னா, இதைக் கேளுங்க, படத்தையும் எழுதிரலாம். ‘கார்பன் தொட்டி’ன்னு எழுதறோம். பக்கத்துல ஒரு சின்னக் கோடு, கோட்டு நுனியில அம்பு. அதுக்கப்புறம் ‘சாஃப்ட்னர்’, தண்ணியோட கடினத்தை எடுக்கற தொட்டி. அவ்வளவுதான். பொத்தானை அமுக்கினா கம்ப்யூட்டர் அதைப் படிச்சு, ரெண்டு கட்டம் போட்டு, நடுவுல அம்பு இழுத்து, புத்தகத்துல அந்தந்த இடத்துல படமா உக்கார வெச்சுரும். வால்வு நம்பர் மாறினா ஒரே ஒரு எழுத்தை மாத்தினாப் போதும். யார் மாத்தினது, என்னிக்கு, எத்தனை மணிக்குன்னு எல்லாம் பதிவாயிரும். யாரும் யார் மேலயும் பழி போட முடியாது.

நான்தான் கொண்டுவந்தேன். இதை நான் பெருமைக்குச் சொல்லலைங்க, எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. எங்க மேனேஜர் வித்யாசாகர், என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவர், நல்ல மனுஷன், அவரு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. “சார், படம் நாம நினைக்கற மாதிரியே வருமா?”ன்னு. நான் சொன்னேன், “படம் எப்படி வருதுங்கறது நம்ம கவலை இல்லீங்க. எது எதோட சேருதுன்னு சொல்றதுதான் நம்ம வேலை. எழுத்து சரியா இருந்தாப் படம் சரியா இருக்கும்.” அவரு தலையாட்டினாரு. அந்த வாக்கியத்தை நான் ஒரு தாள்ல எழுதி என் மேசை முன்னால ஒட்டியும் வெச்சேன்.

ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஜூலை வரைக்கும் நாலு மாசம். நானூத்திப் பன்னெண்டு படம். ஒத்தை ஆளு. ஒவ்வொரு படத்தையும் பாத்து, கோடு எங்க போகுதுன்னு விரல் வெச்சுப் பாத்து, எழுத்தா மாத்தணும். எம்பொண்ணு காலேஜ் கவுன்சலிங்குக்குக்கூட நான் போகல, அவங்கம்மாதான் கூட்டிட்டுப் போச்சு. முடிச்ச அன்னிக்குப் பொத்தானை அமுக்கினேன் பாருங்க. அறுபத்திநாலு மேனுவல், படத்தோட, மூணு நிமிஷத்துல வந்து விழுந்துச்சு. எந்திரிச்சுப் போய் ஒரு டீ குடிச்சேன். மேசையில யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு திரும்பி வந்தேன். ஒருத்தரும் இல்ல. சரி, போகட்டும்.

இப்ப ஜெசிந்தாவைப் பத்திச் சொல்லணும். ஜெசிந்தா எங்க சர்வீஸ் டெக்னீஷியன். திண்டுக்கல் பொண்ணு, டிப்ளமோ படிச்சது, வயசு இருபத்தேழு இருக்கும். ஊர் ஊராப் போய் ஆஸ்பத்திரியில இருக்கற பிளான்ட்டைப் பாக்கறது அவ வேலை. மொத்தம் முப்பத்தோரு ஆஸ்பத்திரி. தோள்ல டூல் பையை மாட்டிட்டு பஸ்லயே போவா, பஸ்லயே வருவா. நல்ல வேலைக்காரிதான். ஆனா பேச்சுல கொஞ்சம் பிடிவாதம்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் தண்ணி அறை செவுத்துல ஒட்டறதுக்கு ஒரு பெரிய தாள் தருவோம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை குழாய் பூரா மருந்து விட்டுக் கழுவணும், அதுக்கான படம். மருந்தைச் சுத்தவிட்டு, அப்புறம் வெளிய தள்ளி, நல்ல தண்ணி விட்டு அலசணும். வெளிய தள்ளற வடிகால் வால்வு எட்டாம் நம்பர். ஏழாம் நம்பர் தண்ணியைத் திரும்பவும் உள்ள கொண்டுபோறது. இந்த ரெண்டும் தெரிஞ்சாப் போதும், மிச்சம் உங்களுக்கு வேண்டாம்.

புது முறையில வந்த தாளை ஆகஸ்ட் அஞ்சாந்தேதி எல்லா ஊருக்கும் அனுப்பினோம். பதிமூணாந்தேதி ஜெசிந்தா போன் பண்றா.

“சார், கழுவற படத்துல ஏழும் எட்டும் மாறி இருக்கு சார்.”

நான் உடனே ஃபைலைத் திறந்தேன். எட்டு, அம்பு, வடிகால். ஏழு, அம்பு, தொட்டி. பளிச்சுனு சரியா இருக்கு.

“சரியாத்தானே இருக்குதும்மா.”

“இல்ல சார், படத்தைப் பாருங்க. ஏழுங்கறது வடிகால் கோட்டு மேல இருக்கு.”

“எழுத்துல சரியா இருக்கும்மா.”

“எழுத்து எனக்கு எங்க சார் தெரியும்? நான் செவுத்தப் பாத்துட்டு நிக்கறேன்.”

நான் கோவப்படலைங்க. முறைப்படி புகார் பதிவு பண்ணச் சொன்னேன். எதுக்கும் ஒரு முறை இருக்குதில்ல? பதிவு பண்ணினா. கூடவே போட்டோ ஒண்ணும் வெச்சிருந்தா. அதைத் திறக்க நேரம் ஆகும், எங்க நெட் அப்படி. நான் யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு கோடு ஒண்ணையொண்ணு வெட்டிட்டுப் போனா, படத்தைத் தாள் அகலத்துக்குச் சுருக்கறப்ப நம்பர் பக்கத்துக் கோட்டுல போய் உக்காந்துக்கும். அது இந்த மென்பொருளோட குணம். நான் எழுதினதுல தப்பில்ல. இருந்தாலும் வரிகளை இடம் மாத்தி, கோடு வெட்டிக்காத மாதிரி எழுதினேன். ஆகஸ்ட் இருபத்தேழு, சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷம். பதிவு இருக்கு. பொத்தானை அமுக்கினேன். ‘முடிந்தது’ன்னு பச்சைக் கலர்ல வந்துச்சு. புகாரை மூடினேன். மறுநாள் முப்பத்தோரு தாளும் லேமினேட் ஆகி, கீழ ‘திருத்தியது: ஆகஸ்ட் 28’னு தேதியோட கிளம்பிருச்சு.

இதுல என் தப்பு என்னங்க? சொல்லுங்க.

செப்டம்பர் நாலாந்தேதி திரும்பவும் போன்.

“சார், புதுத் தாள் வந்துச்சு. இதுலயும் அப்படியேதான் சார் இருக்கு.”

“திருத்தியாச்சும்மா. உனக்குப் பழைய தாள் வந்திருக்கும்.”

“தேதி ஆகஸ்ட் இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு சார்.”

“அப்ப திருத்தினதுதான்.”

“சார், ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அந்தப் படத்தைத் திறந்து பாருங்க சார்.”

“ஜெசிந்தா, நான் பாக்க வேண்டியது எழுத்து. அது சரியா இருக்கு. இன்னும் நாலு மேனுவல் காத்துட்டு இருக்கு, வெச்சுரட்டுமா?”

வெச்சுட்டேன். இதையும் அப்புறம் விசாரணையில கேட்டாங்க, ஏன் வெச்சீங்கன்னு. வேலை இருந்துச்சு, வெச்சேன். இதுக்கு என்ன பதில் சொல்றது?

நடந்தது என்னன்னு அப்புறம்தான் எனக்கே தெரியும். அந்த மென்பொருள் ஒரு தடவை வரைஞ்ச படத்தைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசா வரைஞ்சா நேரம் ஆகும்னு, பழசையே எடுத்து ஒட்டிரும். எழுத்து மாறினா அதுக்குத் தெரியணும். நான் எழுதி வெச்சிருந்த விதத்துல அதுக்குத் தெரியல. அதனால புது எழுத்து, புதுத் தேதி, பழைய படம். பச்சைக் கலர்ல முடிந்ததுன்னு வேற சொல்லுது. மனுஷன் எதைத்தான் நம்பறது?

சரி, இனிமேதான் எனக்கு நடந்த அநியாயம். செப்டம்பர் பத்தொம்பது. வேற ஏதோ ஒரு புகார்ல, வேற ஒரு பம்ப்போட போட்டோ. பின்னால செவுத்துல என் தாள் தெரியுது. பாத்தா, அதுல சிவப்பு மார்க்கர்ல கிறுக்கியிருக்கு! ஏழை அடிச்சு எட்டுன்னு எழுதி, எட்டை அடிச்சு ஏழுன்னு எழுதி, கீழ ஒரு அம்பு போட்டு ‘வடிகால்’னு கொட்டை எழுத்துல, பக்கத்துல தேதி, கையெழுத்து. ஜெ.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நாலு மாசம் உக்காந்து எழுதினவன் நான். ஒரு எழுத்து மாறினாக்கூடப் பதிவாகணும், யார்னு தெரியணும், அதுக்காகத்தானே இத்தனை பாடு? அதுல போய் மார்க்கரை வெச்சுக் கிறுக்கினா? தரச்சோதனைக்கு வர்றவங்க பாத்தா கம்பெனி மானம் என்ன ஆகும்? அப்பவே உக்காந்து வித்யாசாகருக்கு மெயில் எழுதினேன். மூணு பத்தி. ‘அனுமதியில்லாமல் நிறுவன ஆவணத்தைத் திருத்துவது கண்டிக்கத்தக்கது.’ பேரு போட்டுத்தான் எழுதினேன், எனக்கு மறைச்சு எழுதற பழக்கம் இல்ல. திங்கக்கிழமை, செப்டம்பர் இருபத்திரண்டு, ஜெசிந்தாவுக்கு மெமோ போச்சு. இனிமே எந்தத் தாள்லயும் கைவெக்கக் கூடாதுன்னு. அவ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா. அதோட கிறுக்கறது நின்னுபோச்சு. அந்த விஷயத்துல வித்யாசாகர் சரியாத்தான் நடந்துக்கிட்டாரு.

அக்டோபர் பன்னெண்டு, ஞாயித்துக்கிழமை. இப்ப நான் போயிட்டிருக்கேனே, இதே ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம், சின்ன ஆஸ்பத்திரி, ஆறு படுக்கை. அங்க பிளான்ட்டை ஓட்டறவரு அஞ்சு வருஷமா அதே வேலை. படத்தை அவரு ஏறெடுத்தே பாக்க மாட்டாரு, கண்ணை மூடிட்டு வால்வைத் திருப்புவாரு. அவரு அன்னிக்குத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டாரு. பதிலுக்கு வந்தவரு புதுசு. நல்ல பையன்னு சொன்னாங்க, கவனமான ஆளு. தாள் முன்னால நின்னு, ஒவ்வொரு வரியாப் பாத்துப் பாத்து, படத்துல எப்படி இருக்கோ அப்படியே செஞ்சிருக்காரு. வடிகால்னு ஏழைத் திறந்தாரு. எட்டை மூடிட்டாரு. மருந்துத் தண்ணி வெளிய போகவே இல்ல. உள்ளயே சுத்திட்டு இருந்துச்சு.

பதறாதீங்க. யாருக்கும் உசுருக்கு ஒண்ணும் ஆகல. திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஆறு பேரு வந்து படுத்துட்டாங்க. ஊசி குத்தறதுக்கு முன்னால அங்க இருக்கற சிஸ்டர், கமருன்னிசான்னு பேரு, தண்ணியில ஒரு தாள் துண்டை நனைச்சுப் பாக்கணும். மருந்து மிச்சம் இருந்தா நீலமாகும். தினமும் வெள்ளையாவே வர்ற துண்டு அது. யாரா இருந்தாலும் ஒரு நாள் அசந்துருவாங்க. அந்தம்மா அசரல. நனைச்சுப் பாத்திருக்கு. கருநீலம்.

ஆறு பேரையும் எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. தண்ணி மொத்தத்தையும் அலசி முடிக்க மத்தியானம் ஆயிருச்சு. அதுக்குள்ள அந்த ஆறு பேர்ல மாரக்காள்னு ஒரு அம்மா, பஸ் ஸ்டாண்டுல பூக்கட்டி விக்கறவங்க, போன வியாழக்கிழமைக்கு அப்புறம் டயாலிசிஸ் இல்லாம வந்திருந்தாங்க. அவங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுருச்சு. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. ஆம்புலன்ஸ்ல வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. மூணு நாள் ஐசியுவுல. வித்யாசாகர் தெனமும் காலையில போன் பண்ணிக் கேப்பாரு, வெச்சுட்டு ‘இருக்காங்களாம்’னு மட்டும் சொல்வாரு. நாலாவது நாள் வார்டுக்கு மாத்திட்டாங்க. நான் வீட்டுக்குப் போய் அன்னிக்குத்தான் சாப்பிட்டேன்.

ஜெசிந்தா அந்தத் திங்கக்கிழமை காலையில ஒம்போது மணிக்கெல்லாம் அங்க போயிட்டா. மூணு மணி நேரம் நின்னு அலசினது அவதான்.

இருபதாந்தேதி விசாரணை. நான் தயாராப் போனேன். என் எழுத்தை அச்செடுத்து, ஏழாவது வரியையும் எட்டாவது வரியையும் மஞ்சள் மை பூசி, எல்லாருக்கும் ஒரு பிரதி. திருத்தின தேதி, நேரம். எல்லாத்தையும் விளக்கினேன். இருபது நிமிஷம் பேசினேன். தரப் பிரிவு அம்மா குறிச்சுக்கிட்டாங்க. சிஸ்டர் கமருன்னிசாவையும் வரச்சொல்லியிருந்தாங்க. அந்தம்மா பொறுமையாக் கேட்டுட்டு, பையில இருந்து சுருட்டின தாளை எடுத்து மேசை மேல விரிச்சுது.

“எனக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாதுங்க. எங்க செவுத்துல ஒட்டினது இதுதானே?”

“ஆமா.”

“இதுல வடிகால் எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

குனிஞ்சு பாத்தேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, அந்தப் படத்தை நான் அப்பத்தான் மொதல்ல பாக்கறேன். நான் எழுதின படம், ஆனா அப்பத்தான் பாக்கறேன். ஏழுன்னு இருந்துச்சு. கோட்டுக்கு நேர் மேல. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகூட ஏழுன்னுதான் சொல்லும்.

“ஏழு”ன்னேன்.

“நம்ம பையனும் அதைத்தான் சொன்னான்”னு அந்தம்மா தாளைச் சுருட்டிக்கிச்சு.

நான் உடனே சொன்னேன், இது மென்பொருள் பழைய படத்தை எடுத்து வெச்சுக்கிட்டதால வந்தது, உலகத்துல பலருக்கும் நடந்திருக்கு, என் கையில காட்டறதுக்கு ஆதாரம் இருக்குன்னு. ஒத்துக்கிட்டாங்க. அறிக்கையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. மென்பொருள் கோளாறு. என் பேரு எங்கயும் இல்ல. ஆனா தண்டனை மட்டும் எனக்கு. முப்பத்தோரு ஆஸ்பத்திரிக்கும் நானே நேர்ல போய், புதுத் தாளை ஒட்டி, படத்துல இருக்கற மாதிரி வால்வை என் கையால திருப்பிப் பாத்து, பழைய தாளைத் திரும்பக் கொண்டு வரணும். ஐம்பத்துமூணு வயசுங்க எனக்கு. முழங்கால் வலி. நவம்பர்ல இருந்து பஸ்ஸும் நானுமா அலையறேன்.

இருபத்திநாலு ஆஸ்பத்திரி முடிஞ்சுது மொதல்ல. எல்லாத்துலயும் சிவப்புக் கிறுக்கல். ஒரே மாதிரி. அடிச்சு, எழுதி, அம்பு போட்டு, தேதி, ஜெ. செப்டம்பர் அஞ்சு, செப்டம்பர் எட்டு, ஒம்போது, பன்னெண்டுன்னு வரிசையா. போன் பண்ணின மறுநாளே ஆரம்பிச்சிருக்கா. அவ வழக்கமாப் போற ஊர் இல்லாம, தனியாவும் சில ஊருக்குப் போயிருக்கா போல. கோடு நேரா இருந்துச்சுங்க, அதைச் சொல்லணும். ஸ்கேல் வெச்சுப் போட்டிருப்பா. அந்தத் தாள் எல்லாம் என் அலமாரியில இருக்கு. கம்பெனி தூக்கிப் போடச் சொல்லுச்சு. நான்தான் வெச்சிருக்கேன். ஆவணம்னா பத்திரமா வெக்கணும்.

மிச்சம் ஏழு ஆஸ்பத்திரி. அதுல கிறுக்கலே இல்ல. ஒட்டினது ஒட்டினபடி, கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு. அதுல ஆறு முடிச்சுட்டேன். இது ஏழாவது. கடைசியா வெச்சுக்கிட்டேன்.

என்னங்க?

இல்ல, ஜெசிந்தா இன்னும் வேலையிலதான் இருக்கா. ஜனவரியில அவ சீனியர் ஆகணும். பட்டியல்ல மொதப் பேரே அவளுது. ஆனா ஃபைல்ல மெமோ இருந்தா ஆக முடியாதாம். வித்யாசாகர் போன மாசம் என்னைக் கூப்பிட்டு, “சார், நீங்க அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, நான் மெமோவை எடுத்துடறேன்”னாரு. எழுதித் தர்றேன்னு சொன்னேன். இன்னும் தரல. அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. ஊர் ஊரா அலையறதுல நேரம் எங்க? அதுவும் இல்லாம, சும்மா ரெண்டு வரி எழுத முடியாது. காரணம் எழுதணும். காரணம்னா தேதி எழுதணும். ஆகஸ்ட் பதிமூணு மொதல் போன். செப்டம்பர் நாலு ரெண்டாவது போன். அஞ்சாந்தேதியில இருந்து அவ திருத்த ஆரம்பிச்சது. இருபத்திரண்டாந்தேதி மெமோ. அன்னியோட இருபத்திநாலு முடிச்சிருந்தா. அக்டோபர் பன்னெண்டு…

ரெண்டு மூணு தடவை உக்காந்தேன் எழுத. அந்த இடத்துக்கு வந்ததும் எந்திரிச்சுருவேன்.

என்ன கேட்டீங்க? மெமோ போகாம இருந்திருந்தாவா?

இருங்க. இருங்க.

அவ வாரத்துக்கு எட்டு ஒம்போது தாள் திருத்திட்டு இருந்தா. ஏழு பாக்கி. ஒரே வாரம். செப்டம்பர் கடைசிக்குள்ள முடிச்சிருப்பா. இதையும்.

இதை யாரும் என்கிட்ட கேக்கலைங்க. விசாரணையில அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. எத்தனையோ கேட்டாங்க, போனை ஏன் வெச்சீங்கன்னுகூடக் கேட்டாங்க. இதை ஒருத்தரும் கேக்கல. மெமோ வேற ஃபைலு, இது வேற ஃபைலு. ரெண்டையும் யாரும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கல.

ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

எனக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தா. நான் இருபது நிமிஷம் பேசறேன். ஏழாவது வரி, எட்டாவது வரின்னு மஞ்சள் மையைக் காட்டிக் காட்டிப் பேசறேன். அவ என்னையே பாத்துட்டு இருந்தா. அவகிட்ட கடைசியா, ‘நீங்க ஏதாச்சும் சொல்லணுமா’ன்னு தரப் பிரிவு அம்மா கேட்டாங்க. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தா அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. “மாரக்காள் அம்மா இன்னிக்கு எந்திரிச்சு உக்காந்தாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க, அது போதும் சார்”னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டா.

அது எனக்கு அன்னிக்குப் புரியல. பயந்துட்டான்னு நினைச்சேன்.

கண்டக்டர், ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துருச்சுங்களா? சரிங்க, அடுத்தது தானே. எறங்கறேன்.

மாரக்காள் அம்மாவுக்கு இன்னிக்கு டயாலிசிஸ் நாள். மத்தியானம் வரைக்கும் அங்கதான் படுத்திருப்பாங்களாம், சிஸ்டர் சொன்னாங்க. நான் இதுவரைக்கும் அவங்களைப் பாத்ததில்ல. தாளை ஒட்டிட்டு, வால்வைத் திருப்பிப் பாத்துட்டு, யாரு கண்ணுலயும் படாம நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சுரலாம்னுதான் வந்தேன்.

இல்லீங்க. போய்ப் பாக்கறேன். என்ன சொல்லணும்னு தெரியல. மென்பொருள்னா அவங்களுக்குப் புரியாது.

அந்த லெட்டரையும் அங்கயே உக்காந்து எழுதிரணும். ரெண்டு வரின்னாரு வித்யாசாகர். ரெண்டு வரியில அடங்காதுங்க அது.